நிறுத்திவைத்த தண்டனை

எல்லோரும் அவனை ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். எந்தப் பூட்டாக இருந்தாலும் ஒரு கம்பியை விட்டு நெம்பித் திறந்துவிடுவான் என்பது இன்னொரு காரணம். நீதிமன்றத்தில் முழுப்பெயரைச் சொல்லிக் கூவினால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனே திரும்பிப் பார்ப்பான். "உன்னைத்தான்டா" என்று அக்கா முழங்கையால் இடிக்க வேண்டியிருக்கும்.

அக்கா அவனைவிட வயதில் ரொம்ப மூத்தவள். அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ரத்தமும் மருந்தும் ஊறிய விரிப்புகள் ஒரு பக்கம் உள்ளே போகும், சூடாக, வெள்ளையாக இன்னொரு பக்கம் வெளியே வரும். அவற்றை இழுத்து மடிப்பது அவள் வேலை. "எந்தக் கறையையும் எடுத்திடலாம், இவனுக்கு ஒட்டினதைத்தான் எடுக்க முடியலை" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லுவாள். அவள் கணவர், ஊசிக்கு மச்சான், பேருந்து ஓட்டுபவர். வாய் கொஞ்சம் அதிகம். மனசு அவ்வளவு மோசமில்லை.

ஊசி அதற்கு முன்பே இரண்டு முறை சிறைக்குப் போய் வந்தவன். மூன்றாவது வழக்குதான் அவனைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஒரு தெருக்கோடி வீட்டில் ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவர் தனியாக இருந்தார். ஒருநாள் காலையில் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டி, பதில் இல்லாமல் உள்ளே போய்ப் பார்த்தபோது கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே செத்துக் கிடந்தார். தலையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார் என்று மருத்துவர் எழுதினார். உடம்பில் காயம் எதுவும் இல்லை. ஆனால் பின்கதவு திறந்திருந்தது, அவருடைய கைக்கடிகாரத்தையும் ரேடியோவையும் காணவில்லை. கடிகாரத்தை விற்கப்போன இடத்தில் ஊசி அகப்பட்டான். பிணம் கிடந்த வீட்டில் கைவைத்தவன் என்று போலீஸ்காரர்கள் அவனைக் காறித் துப்பினார்கள். அவன் ஒன்றும் மறுக்கவில்லை. நீதிமன்றத்திலும் "ஆமாங்க ஐயா, எடுத்தேன்" என்றதோடு சரி.

ஒத்துக்கொண்டான் என்பதாலும், அக்கா தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கூண்டருகே நின்று கையெடுத்துக் கும்பிட்டதாலும், நீதிபதி அவனுக்குக் கடைசியாக ஒரு வழி விட்டார். மூன்று வருடச் சிறைத்தண்டனை. ஆனால் அது நிறுத்திவைக்கப்படுகிறது. அவன் அக்கா வீட்டிலேயே இருக்க வேண்டும். வாராவாரம் நன்னடத்தை அதிகாரியைப் பார்க்க வேண்டும். பொழுது சாய்ந்தபிறகு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தத் தெருப் பக்கமே தலைவைக்கக் கூடாது. இதில் எதை மீறினாலும் மூன்று வருடம் அப்படியே தலையில் விழும்.

மச்சான் அவனுக்குக் கடை ஷட்டர்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை வாங்கிக் கொடுத்தார். "பாலுக்குப் பூனையைக் காவல் வச்சாச்சு" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் ஊசி ஒழுங்காக வேலைக்குப் போனான். மாலையில் கையில் கிரீஸ் நாற்றத்தோடு வந்து, குளித்துவிட்டு, பின்னறையில் சுவரில் சாய்ந்து உட்காருவான். விளக்குப் போட மாட்டான்.

அந்த நேரத்தில்தான் அது ஆரம்பித்தது.

அக்கா முதலில் கேட்டது ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது. பின்னறையிலிருந்து ஊசியின் குரல். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வது போல, "வந்துட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், இன்னும் தாழ்ந்த குரலில், "போச்சு" என்றான்.

எட்டிப் பார்த்தாள். தனியாகத்தான் இருந்தான். எதிர்ச்சுவரின் கீழ்ப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தான், தரையில் யாரோ படுத்திருப்பது போல.

"யார்கிட்டடா பேசுறே?"

"யாருமில்லக்கா."

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். வெளிச்சம் மங்கும் நேரம் வந்தால் அக்காவின் கை தானாக நின்றுவிடும். அந்த இரண்டு வார்த்தைகளுக்காகக் காது காத்திருக்கும். வந்துட்டேன். போச்சு.

"பள்ளிக்கூடத்துல சொல்லாத ஆஜரையெல்லாம் சேர்த்துவச்சு இப்ப சொல்றான் போல" என்றார் மச்சான். ஆனால் அவரும் அந்த நேரத்தில் பின்னறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் பொழுது சாய்ந்தும் ஊசி வீட்டுக்கு வரவில்லை. நன்றாக இருட்டியபிறகு வந்தான். முகத்தைப் பார்த்தால் காய்ச்சல்காரன் போல இருந்தது. எங்கே போனாய் என்று எத்தனை தடவை கேட்டும் வாய் திறக்கவில்லை. நன்னடத்தை அதிகாரி வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. செத்துப்போன டிரைவரின் வீட்டுக்கு எதிரே, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். இப்போது அந்த வீட்டில் இருப்பது அவருடைய மகன், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார்.

அதிகாரி நல்ல மனிதர், ஆனால் களைத்த மனிதர். "இந்த ஒரு தடவை நான் பேசி விடுறேன். மறுபடி அந்தப் பக்கம் போனா என் கையில ஒண்ணுமில்லை, புரியுதா?" என்றார். ஊசி தலையாட்டினான்.

மறுபடியும் போனான். மூன்றாவது முறை, கண்ணாடிக்கடைக்காரர் சொல்லிவைத்தபடி, போலீஸ் அங்கேயே காத்திருந்து அவனைப் பிடித்தது. அவன் ஓடவில்லை. பையில் கம்பியும் இல்லை, திருப்புளியும் இல்லை. வெறுங்கையோடு நின்றிருந்தான்.

நீதிமன்றத்தில் அன்று ஏகப்பட்ட கூட்டம். மறுநாளிலிருந்து விடுமுறை. நீதிபதிக்குச் சளி, பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தார். அதிகாரி நடந்ததைச் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் கூண்டில் ஏறி, "எங்கப்பா பிணத்தைத் தாண்டிப் போய்த் திருடினவன் இவன். இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு பார்க்க வர்றான்" என்றார். அரசு வக்கீல் எழுந்து, பழைய வழக்குகளை வரிசையாகப் படித்துவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி ஊசியைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்தபடியே, நிறுத்திவைத்த தண்டனை முழுவதும் அமலுக்கு வருகிறது என்றார்.

அப்போது ஊசி வாயைத் திறந்தான்.

அக்கா அதைப் பார்த்தாள். ஏதோ சொல்ல உதடு பிரிந்தது, நாக்கு மேலே எழுந்தது. அதற்குள் டவாலி அடுத்த வழக்கின் பெயரைக் கூவிவிட்டார். ஒரு காவலர் ஊசியின் கையைப் பிடித்து இழுத்தார். திறந்த வாய் திறந்தபடியே அவன் பக்கக் கதவு வழியாகப் போனான்.

அந்தத் திறந்த வாய் அக்காவைப் பிடித்துக்கொண்டது. சலவைக்கூடத்தில் இயந்திரத்தின் வட்டக் கதவு திறந்தால் அதுதான் தெரிந்தது. கண்ணை மூடினால் அதுதான். வீட்டில் சாயங்காலம் வந்தால் இன்னும் மோசம். பின்னறை காலியாக இருந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் அவள் கை நின்றுவிடும். பதில் சொல்ல ஆள் இல்லாத அறையில் யாரோ கேட்டுவிட்டுக் காத்திருப்பது போல ஒரு நிசப்தம். ஒருநாள் அவளே பயந்துபோய் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். சுவர். பாய். வேறொன்றுமில்லை.

"அவன் என்னமோ சொல்ல வந்தாங்க" என்றாள் கணவரிடம்.

"என்ன சொல்லியிருப்பான்? இனிமே செய்ய மாட்டேம்பான். அதை எத்தனை தடவை கேட்டாச்சு?"

"சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்ல."

ஆனால் மச்சானுக்கு ஓய்வு நாள் வந்தபோது, இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான்.

மையத்தில் இருந்த வக்கீலம்மா இளம்பெண். மேசை முழுக்கக் கட்டுக்கட்டாக வழக்குகள், ஒரு ஓரத்தில் பாதி கடித்து வைத்த ஆப்பிள். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீதிபதி அவன்கிட்ட எதுவும் கேட்கவே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. 'நீ என்ன சொல்றே'ன்னு ஒரு வார்த்தைகூடவா?" என்றாள்.

"இல்லம்மா. அவன் வாயைத் திறந்தான். அதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க."

மச்சான் குறுக்கிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க. அவன் போனது உண்மை. மூணு தடவை போனான். கேட்டிருந்தா மட்டும் என்ன, திருடன் தங்கமாயிடுவானா?"

"ஆகமாட்டான்" என்றாள் வக்கீலம்மா. "ஆனா அவன் போனானாங்கிறது ஒரு கேள்வி. போனதுக்கு என்ன தண்டனைங்கிறது வேற கேள்வி. முதல் கேள்விக்கு மத்தவங்க சாட்சி போதும். ரெண்டாவதுக்கு அவனையும் கேட்கணும். பதினோராவது தடவை தப்பு பண்ணினவனா இருந்தாலும் கேட்கணும். என்ன சொல்வான்னு நமக்கு முன்னாலேயே தெரியும்னு நினைக்கிற இடத்துலதான் முக்கியமா கேட்கணும்."

மேல்முறையீடு நகர்ந்தது நத்தை வேகத்தில். பல மாதங்கள் கழித்து மேல்நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: மீறல் நடந்தது உறுதி, ஆனால் தண்டனையை முடிவுசெய்யும் முன் குற்றவாளிக்குப் பேச வாய்ப்புத் தரப்படவில்லை, ஆகவே தண்டனை மட்டும் ரத்து, அதே நீதிமன்றம் அவனைக் கேட்டுவிட்டு மறுபடி முடிவுசெய்ய வேண்டும்.

செய்தியைச் சொல்ல வக்கீலம்மாவும் அக்காவும் சிறைக்குப் போனார்கள். ஊசி இன்னும் மெலிந்திருந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இந்தத் தடவை அவனைக் கேட்கப் போகிறார்கள் என்றதும் முகம் வெளுத்துப்போனான்.

"எதுக்குக்கா இதெல்லாம் பண்ணினே?"

"ஏன்டா, நீதானே அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தே?"

"அன்னிக்கு வந்துச்சு. இப்ப வருமான்னு தெரியலை."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். "என்கிட்ட சொல்லு. வெளியே போகாது. எதுக்கு அந்த வீட்டுக்குப் போனே?"

அவன் வெகுநேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"நான் உள்ளே போனப்ப அவர் சாகலை."

அக்கா வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"விளக்கு எரியலை, ஆள் இல்லைன்னு நினைச்சுப் போனேன். கீழே கிடந்தார். ஒரு பக்கம் கை கால் அசையலை. வாய் கோணியிருந்துச்சு. நான் திரும்பி ஓடியிருப்பேன். அப்பத்தான் 'வந்துட்டியா?'ன்னு கேட்டார். என்னை மகன்னு நினைச்சுக்கிட்டார். நான் ஏன் சொன்னேன்னு தெரியலை, 'வந்துட்டேன்'னு சொல்லிட்டேன். தலையைத் தூக்கி மடியில வச்சேன். செம்புல தண்ணி இருந்துச்சு, உதட்டை நனைச்சு விட்டேன். என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டார். 'கோபம் போச்சா?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"'போச்சு'ன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் கேட்கலை."

அக்கா கம்பி வலையில் விரலைக் கோர்த்துக்கொண்டாள்.

"போன் பக்கத்து மேசையிலேயே இருந்துச்சு" என்றான் ஊசி. "எடுக்கலை. கூப்பிட்டா மாட்டிக்குவேன்னு எடுக்கலை. அவர் போனதும் கடிகாரத்தைக் கழட்டினேன். இந்தக் கையாலதான்."

"அப்புறம் ஏன் அங்கே போய் நின்னே?"

"தினம் கேட்கிறாரு. இருட்டுற நேரத்துல. நான் போச்சு போச்சுங்கிறேன், ஆனா அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லையே. அவர் கேட்டது மகன்கிட்ட. அந்த மகன்கிட்ட போய்ச் சொல்லிடலாம்னுதான் போனேன். கேட் வரைக்கும் கால் போச்சு. பெல்லை அடிக்கக் கை வரலை."

வக்கீலம்மா நிதானமாகப் பேசினாள். "இதை நீதிமன்றத்துல சொன்னா, உயிரோட இருந்தவருக்கு உதவி கூப்பிடாம விட்டேன்னு நீயே ஒத்துக்கிற மாதிரி. புது வழக்கு வரலாம். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. 'புத்தி கெட்டுப் போனேன், இனிமே போகமாட்டேன்'னு சொல்லு. தண்டனை குறைய நல்ல வாய்ப்பு இருக்கு. யோசி."

"சரிங்கம்மா" என்றான்.

திரும்பும் வழியில் பேருந்தில் அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பின்னறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அன்று மச்சான் வரும்வரை வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

மறு விசாரணை நாளில் கூட்டம் அதிகமில்லை. அதே நீதிபதி. இந்த முறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, ஊசியை நேராகப் பார்த்தார்.

"போன தடவை உன்னைக் கேட்டிருக்கணும், கேட்கலை. இப்ப கேட்கிறேன். நீ அங்கே போனது முடிவான விஷயம். அதுக்கு உனக்கு என்ன தண்டனைங்கிறதை நான் இன்னும் முடிவு பண்ணலை. நீ என்ன சொல்ல விரும்புறே? அவசரமில்லை."

ஊசி வக்கீலம்மாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தான்.

"ஐயா, இவங்கப்பா நான் போனப்ப உசிரோட இருந்தார்" என்றான்.

நீதிபதி உடனே கையை உயர்த்தினார். "நிறுத்து. இனிமே நீ சொல்றது உனக்கு எதிரா வேற வழக்குல வரலாம். சொல்லணும்னு கட்டாயமில்லை. சொல்லாம இருந்தா அதை நான் உனக்கு எதிரா எடுத்துக்க மாட்டேன். வெளியே போய் உன் வக்கீலோட பேசிட்டு வா."

நடைபாதையில் வக்கீலம்மா அவனிடம் கெஞ்சாத குறைதான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்டா" என்றாள்.

"கேட்டுட்டாங்களேக்கா" என்றான் அவன். "கேட்டதுக்கப்புறம் எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னான். சிறையில் சொன்னதைவிடச் சுருக்கமாக, தடுமாறாமல். போன் இருந்ததையும் சொன்னான். கடிகாரத்தைக் கழற்றியதையும் சொன்னான். "கோபம் போச்சான்னு கேட்டார். போச்சுன்னு சொன்னேன்" என்று அவன் சொன்னபோது பின்வரிசையில் நாற்காலி கீழே விழுந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"போகலையேடா" என்றார். "எனக்கு இன்னும் போகலையே! எங்கம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு அவர் என்னைப் பேசின பேச்சு... அதுக்கப்புறம் அவர் இருந்தவரைக்கும் நான் அந்த வாசலை மிதிக்கலை. நான் சொல்லாததை எனக்குப் பதிலா சொல்ல நீ யாருடா? கடிகாரத்தை எடுத்தே, ரேடியோவை எடுத்தே, இதையுமா எடுத்தே?"

யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நீதிபதிகூடச் சொல்லவில்லை. அவரே சிறிது நேரம் கழித்து, நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதில் உட்காராமல் சுவரோரமாகப் போய் நின்றார்.

அரசு வக்கீல் எழுந்தார். "இவன் இப்ப ஒத்துக்கிட்டதைப் பார்த்தா, மூணு வருஷம் குறைவுன்னு தோணுது. தண்டனையில இதைக் கணக்குல எடுத்துக்கணும்."

"முடியாது" என்றார் நீதிபதி. "இது குற்றமா இல்லையான்னு யாரும் வழக்குப் போடலை, விசாரிக்கலை, நிரூபிக்கலை. போலீஸ் விசாரிக்கணும்னா விசாரிக்கட்டும். பேசச் சொல்லிட்டு, பேசினதையே அவன் கழுத்துல கட்ட நான் இங்கே உட்காரலை. என் முன்னால இருக்கிறது, போகக்கூடாத தெருவுக்கு அவன் போனது மட்டும்தான்."

அதற்கு, இதுவரை அவன் சிறையில் இருந்த காலமே போதும் என்றார். மீதித் தண்டனை மறுபடி நிறுத்திவைக்கப்பட்டது. பழைய நிபந்தனைகள் அப்படியே. அந்தத் தெருப்பக்கம் போகக் கூடாது என்பதும் அப்படியே. அதோடு, மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

ஊசி கூண்டிலிருந்து இறங்கவில்லை. "அவ்வளவுதானா ஐயா?" என்றான்.

நீதிபதி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் எதைக் கேட்கிறான் என்று அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

"என்கிட்ட இருக்கிறது அவ்வளவுதான்" என்றார்.

போலீஸ் விசாரித்தது. அக்காவையும் விசாரித்தார்கள், மருத்துவரையும் விசாரித்தார்கள். உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு மருத்துவர், பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். புகார் தருகிறீர்களா என்று கண்ணாடிக்கடைக்காரரைக் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றவர் பிறகு சொல்லவே இல்லை. வழக்கு எதுவும் வரவில்லை. தப்பித்தோம் என்று அக்கா மூச்சு விட்டாள். ஊசி விடவில்லை. வரும் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வராது என்று தெரிந்தபோது, பரீட்சை எழுதிவிட்டு முடிவு வராமல் போனவன் போல இடிந்துபோய் உட்கார்ந்தான்.

பட்டறையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலங்களில் பின்னறையில் உட்காருவது நிற்கவில்லை. ஆனால் இப்போது பதில் சொல்வதில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெளிச்சம் மங்கி இருட்டும்வரை கழுத்து நரம்பு புடைத்திருக்கும். அப்புறம் எழுந்து வந்து முகம் கழுவுவான். பதில் சொன்னபோதாவது ஒரு வார்த்தையோடு முடிந்தது. இது முடியாமல் நீண்டது. மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒருநாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. மச்சான் திறந்தார். வெளியே குடையை மடக்கியபடி கண்ணாடிக்கடைக்காரர் நின்றிருந்தார்.

மச்சானுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊரையே வாயால் மடக்கும் மனிதர், "உள்ளே வாங்க... சண்டை போடத்தானே வந்தீங்க, உட்கார்ந்தே போடலாம்" என்று உளறினார்.

அவர் உட்கார்ந்தார். அக்கா துண்டு கொடுத்தாள். வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டார். ஊசி பின்னறை நிலைப்படியில் வந்து நின்றான். அங்கிருந்து நகரவில்லை.

"நீ என் தெருவுக்கு வரக்கூடாதுன்னுதான் உத்தரவு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "நான் இங்கே வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலை."

"ஆமாங்க."

"அவருக்கு வலிச்சுதா?"

ஊசி யோசித்தான். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லிவிடுவானோ என்று அக்கா பயந்தாள்.

"தெரியலைங்க. முனகலை. கை ஜில்லுன்னு இருந்துச்சு. என் சட்டையை இழுத்துக்கிட்டே இருந்தார், பொத்தான் பிய்ஞ்சு வர்ற அளவுக்கு."

"பேச்சு தெளிவா இருந்துச்சா? குழறலா?"

"குழறல்தான். ஆனா அந்த ரெண்டு வார்த்தை புரிஞ்சுது."

"கோபமாக் கேட்டாரா?"

"இல்லைங்க. கடைசி பஸ் போயிடுச்சான்னு கேட்பாங்களே, அந்த மாதிரி."

கண்ணாடிக்கடைக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் மெல்ல எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

துண்டை எடுத்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "உன்னை மன்னிக்க வரலை" என்றார். "அவரையும் இன்னும் மன்னிக்கலை. அது வேற கணக்கு. ஆனா அவரோட கடைசி நேரம் உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. எனக்கு வேற யார்கிட்டயும் போய்க் கேட்க முடியாது."

"கேளுங்க" என்றான் ஊசி. "எத்தனை தடவை வேணும்னாலும்."

அதன்பிறகு அவர் அவ்வப்போது வந்தார். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. வந்தால் அதே கேள்விகளைத்தான் கேட்பார், சில நேரம் புதிதாக ஒன்று. கண் திறந்திருந்ததா. அம்மா பேரைச் சொன்னாரா. ஊசி தெரிந்ததைச் சொல்வான், தெரியாததைத் தெரியாது என்பான். கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். அவர் போனபிறகு இருவரில் யாருக்கு மனசு லேசானது என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. "நல்ல சம்பந்தம் பிடிச்சோம்" என்று மச்சான் முணுமுணுப்பார். ஆனாலும் அவருக்காக ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போட்டுவைத்தார்.

கடைசியாக வந்த அன்று அவர் நிறையப் பேசவில்லை. அந்த வீட்டில் இனி இருக்க முடியவில்லை, கடைக்கு மேலேயே ஒரு அறையில் தங்கிக்கொள்கிறேன், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன் என்றார். குடிவந்திருப்பது புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஊசி தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்த ரூம்ல யார் படுக்கிறாங்க?"

"யாரும் படுக்கலை" என்றார் அவர். "மழை பாரு, கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்காங்க. பிள்ளைங்க துணி."

ஊசி தலையாட்டினான். வேறு ஏதாவது கேட்பான் என்று அவர் சற்று நேரம் காத்திருந்தார். அவன் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை திரும்பும்வரை ஊசி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "உள்ளே வாடா" என்று அக்கா கூப்பிட்டாள். அவன் வரவில்லை, போகவும் இல்லை.